டெப்பன்யாக்கியா? மதியமே போங்கள்

ஜப்பானில் சின்ன டெப்பன்யாக்கி கடைக்கு (சூடான இரும்புத் தகட்டில் சமைத்துத் தரும் கடை) போவதாக இருந்தால், இரவை விட்டுவிட்டு வார நாள் மதியத்தில் போங்கள். பல கடைகளில் அப்போது லன்ச் செட் உண்டு: அதே இரும்புத் தகட்டுச் சமையல், கூடவே சோறு, மிசோ சூப், சாலட் எல்லாம் ஒரே விலைக்குள். அலுவலகத்தில் வேலை செய்பவர்களை இழுக்கத்தான் அந்தக் குறைந்த விலை. இரவில் குடிக்க வருபவர்களை நம்பி நடக்கும் கடை என்றால், உட்கார்ந்ததுமே நீங்கள் கேட்காத ஏதோ ஒரு உணவு சின்னக் கிண்ணத்தில் வரும். ஓதோஷி என்பார்கள், பெரும்பாலும் ஆளுக்கு 300 முதல் 500 யென் பில்லில் ஏறிவிடும். மதியத்தில் பொதுவாக அந்தத் தொல்லை இல்லை. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் பல இடங்களில் இந்த செட் கிடையாது. மாலையில் மட்டும் திறக்கும் கடைகளும் உண்டு, நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.