பழைய திஸ்கி மாட்யூலைக் கழற்றுவது எப்படி

யூனிகோட் நிலைத்த பிறகும் பல தமிழ்த் திறமூலத் திட்டங்களின் மூலையில் ஒரு திஸ்கி (யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துக் குறியேற்றம்) மாற்றி கிடக்கும். ஒரேயடியாகத் தூக்கிவிடலாம் என்று கை அரிக்கும். தூக்குங்கள், ஆனால் பாதியை மட்டும். யூனிகோடிலிருந்து திஸ்கிக்குப் போகும் வழி இனி வேண்டாம்; திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு வரும் வழி வேண்டும். முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் உருவான நாடு மலேசியா. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில்தான் நடந்தது. அந்தக் காலத்துக் கோயில் மலரும் தமிழ்ப்பள்ளி ஆண்டிதழும் ஏதோவொரு அலமாரியில் சீடியாக இருக்கும். அதைத் திறக்க ஒருவர் வரும் நாளில் மாற்றி இல்லையென்றால் அது வெறும் கிறுக்கல்.

முதல் வேலை, யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது. டவுன்லோட் எண்ணிக்கையை நம்பாதீர்கள். அதில் பெரும்பங்கு தானாகச் சோதனை ஓட்டும் சிஐ சர்வர்களும் நகல் வைக்கும் மிரர்களும்தான். கிட்ஹப் தேடலில் மாட்யூலின் இம்போர்ட் வரியை அப்படியே போட்டுத் தேடுங்கள். உங்கள் பைத்தான் பேக்கேஜின் இனிட் கோப்பே (__init__.py) அதை உள்ளே இழுக்கிறதா என்றும் பாருங்கள். இழுத்தால் யாருக்குத் தேவை என்பதே தெரியாது, எல்லோரும் பயனர்போலத் தோன்றுவார்கள். அந்த வரியை முதலில் எடுத்துவிட்டு, கேட்கும்போது மட்டும் ஏற்றும்படி மாற்றுங்கள். பைத்தான் 3.7 முதல் இதற்கு மாட்யூல் அளவிலேயே கெட்ஆட்டர் (__getattr__) எழுதலாம்.

அடுத்தது டெஸ்ட். அவசரப்படக் கூடாத இடம் இது. நிரலைத் தொடுவதற்கு முன், மாற்றி இன்று தரும் விடைகளை உள்ளது உள்ளபடி பதிந்து வையுங்கள், தவறான விடைகளையும் சேர்த்து. திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தை வைக்கிறது. ‘கொ’ என்பது அதில் மூன்று பைட்: 166 (ெ), 184 (க), 161 (ா). யூனிகோடில் ககரம் முன்னால் வந்து, இரண்டு குறிகளும் ஒரே ‘ொ’ ஆக வேண்டும். கோப்பை 4096 பைட் துண்டுகளாகப் படிக்கும் நிரலில், 166 ஒரு துண்டின் கடைசியிலும் 184 அடுத்த துண்டின் தொடக்கத்திலும் விழுந்தால் ஒற்றைக் கொம்பு தனியே தொங்கும். சிறிய கோப்பில் இது வரவே வராது. ஆகவே 166 சரியாக 4096-ஆவது பைட்டில் நிற்கும்படி ஒரு டெஸ்ட் கோப்பைச் செய்து கொள்ளுங்கள்.

‘இ’ இன்னொரு பொறி. அதன் இடம் 173. மேற்கத்திய எழுத்துகளுக்கான லத்தீன்-1 குறியேற்றத்தில் அது சாஃப்ட் ஹைஃபன் (பொதுவாகக் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி) என்பதால் சில மென்பொருள்கள் விழுங்கிவிடும். அதனால் 254-இலும் ஓர் ‘இ’ உண்டு. இரண்டையும் சோதியுங்கள். ஔகாரக் குறிக்கு 170 இருந்தும், பலர் ளகரத்தையே தட்டியிருப்பார்கள், பார்வைக்கு ஒன்றுதானே. அதை ‘ௌ’ ஆக்கும் புத்திசாலித்தனத்தை மாற்றிக்குள் வைக்காதீர்கள்: ‘கௌரி’ சரியாகும், ‘தெளிவு’ கெட்டுப்போகும்.

விடையை ஒப்பிட லினக்ஸின் ஐகான்வ் (குறியேற்றம் மாற்றும்) கட்டளை உதவும்; பெரும்பாலான லினக்ஸ்களின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் திஸ்கி உண்டு. ஆல்பைன் கண்டெய்னரில் ஓட்டினால் கிடைக்காது, அதன் அடிப்படை நூலகம் வேறு, மஸ்ல். பைத்தானோடு வரும் கோடெக் பட்டியலிலும் திஸ்கி இல்லை.

ஏற்கெனவே யூனிகோடில் உள்ள கோப்பை மாற்றிக்குள் போட்டுக் கெடுப்பது அடிக்கடி நடக்கிறது. முதலில் யுடிஎஃப்-8 ஆகப் படித்துப் பாருங்கள். தடையின்றிப் படிக்க முடிந்தால் அது திஸ்கி அல்ல. 166 போன்ற பைட்டில் எந்த யுடிஎஃப்-8 எழுத்தும் தொடங்காது. இந்தச் சோதனை தாண்டியும் எழுத்து குழம்பினால், கோப்பு திஸ்கிக்கு முந்தைய முரசு அஞ்சல் குறியேற்றமாகவோ டாப் (TAB), டாம் (TAM) என்ற வேறு பழைய குறியேற்றங்களாகவோ இருக்கலாம். ஊகித்து மாற்றாமல் பிழை சொல்லி நிறுத்துங்கள்.

இப்போது எச்சரிக்கை. ஒரு வசதி நீங்கப் போகிறது என்று சொல்லும் டெப்ரிகேஷன் வார்னிங்கைப் பைத்தான் பெரும்பாலும் மறைத்துவிடும்; பயனர் நேரடியாக ஓட்டும் கோப்பில் எழுந்தால்தான் காட்டும். எந்த வரியைச் சுட்டுவது என்று சொல்லும் ஸ்டாக்லெவலை 2 ஆக்காவிட்டால் பழி உங்கள் நூலகத்தின் மேலேயே விழும், யார் கண்ணிலும் படாது. நிரலாளர் அல்லாதவர்களும் உங்கள் கருவியை ஓட்டுகிறார்கள் என்றால் ஃபியூச்சர் வார்னிங் போடுங்கள். திஸ்கியில் எழுதும் வழிக்கும் அதைப் படிக்கும் வழிக்கும் தனித்தனி வாசகம் வேண்டும்: முன்னது போகிறது, பின்னது வீடு மாறுகிறது. குறைந்தது இரண்டு சிறு வெளியீடுகளில் இது இருக்கட்டும். நீக்கம் பெரிய பதிப்பு எண்ணில் மட்டும்.

படிக்கும் வழியைத் தனி பேக்கேஜாகப் பிரிக்க கிட் சப்ட்ரீ ஸ்ப்ளிட் போதும், வரலாறும் கூடவே வரும். ஃபோல்டர் எப்போதாவது பெயர் மாறியிருந்தால் அதற்கு முந்தைய கமிட்டுகள் விடுபடும். அப்போது கிட் ஃபில்டர்-ரெப்போ கருவியை எடுங்கள். லைசென்ஸ் கோப்பை நகலெடுக்க மறக்காதீர்கள். பைத்தான் பேக்கேஜ் கிடங்கான பைபிஐயில் பழைய வெளியீடுகளை அழிக்க வேண்டாம், அந்த எண்ணைக் கட்டிவைத்தவர்களின் பில்டு உடையும்.

நீக்க வெளியீட்டைச் செவ்வாய்க்கிழமை மலேசிய நேரம் காலை பத்து மணிக்கு விடுங்கள். சென்னையில் அப்போது ஏழரை, அங்குள்ளவர்கள் வேலைக்கு வருவதற்குள் முதல் பிழை அறிக்கையைப் பார்த்துவிடலாம். தைப்பூச வாரம் ஆகாது. பராமரிப்பாளர்களில் பாதிப் பேர் பத்துமலையிலோ தண்ணீர்மலையிலோ நிற்பார்கள்.

பழைய மாட்யூல் இருந்த இடத்தைக் காலியாக விடாமல், இம்போர்ட் எரர் எழுப்பும் ஒரு சின்னக் கோப்பை அடுத்த பெரிய பதிப்பு வரை வையுங்கள். அதன் வாசகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும்: “திஸ்கி படிப்பான் தனி பேக்கேஜாகிவிட்டது. அதை நிறுவிக்கொள்ளுங்கள், திஸ்கியில் எழுதும் வசதி நீக்கப்பட்டது.” பேக்கேஜின் பெயரையும் அதே வரியில் போடுங்கள். பிழையைப் பார்ப்பவர் ரீட்மீயைத் திறக்க மாட்டார்.