கரிசலாங்கண்ணித் தைலம்: இரண்டு முறை கெட்ட பிறகு கைவந்த பதம்

முதல் முறை நான் காய்ச்சிய எண்ணெய் 12-ஆம் நாள் நாறிப்போனது. பாட்டிலின் அடியில் கலங்கலாக ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர், அதன் மேல் எண்ணெய், மூடியைத் திறந்தால் புளித்த மாவு வாடை. இரண்டாம் முறை "இந்தத் தடவை ஒரு பொட்டுத் தண்ணி இருக்கக் கூடாது" என்று விடாமல் காய்ச்சினேன். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னடி இது, குழம்புக்குத் தாளிச்ச மாதிரி இருக்கு?" என்றார். இரண்டு லிட்டர் செக்கு நல்லெண்ணெய் போயிற்று. இன்றைய விலையில் அதைக் கணக்குப் போடாமல் இருப்பதே நல்லது.

மூன்றாம் முறை சரியாக வந்தது. அதற்குப் பிறகு நாலைந்து தடவை காய்ச்சிவிட்டேன், ஒன்றும் கெடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நரைத்த முடியை இது கறுப்பாக்காது. எலிகளுக்குக் கரிசலாங்கண்ணியிலிருந்து எடுத்த சாரத்தைத் தடவி முடி வளர்வதைப் பார்த்த ஆய்வுகள் உண்டு. நம் தலையில் அதே அளவுக்கு வேலை செய்யும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. எனக்கு முடி வறட்சி குறைந்தது, எண்ணெய்க் குளியலன்று நன்றாகத் தூக்கம் வருகிறது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினாலோ வட்டமாக வழுக்கை விழுந்தாலோ சட்டியை அடுப்பில் ஏற்றாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகை இதற்கெல்லாம் எண்ணெய் மருந்தில்லை.

செடி

தைலத்துக்கு வேண்டியது வெள்ளைப் பூக் கரிசலாங்கண்ணி. கரிசாலை, கையாந்தகரை என்றும் சொல்வார்கள். வாய்க்கால் ஓரம், வயல் வரப்பு என்று ஈரம் இருக்கும் இடமெல்லாம் முளைத்துக் கிடக்கும். தண்டு லேசாகச் சிவந்திருக்கும், இலை சொரசொரப்பாக எதிரெதிரே இருக்கும், பூ சட்டைப் பித்தான் அளவு வெள்ளை. சந்தேகம் இருந்தால் தண்டையோ இலையையோ கசக்கி விரலில் வைத்துக்கொண்டு சற்று நேரம் காத்திருங்கள். பச்சைச் சாறு கண்ணெதிரே கறுத்துக்கொண்டே போகும். முன்பு பச்சை குத்துகிறவர்கள் இந்தச் சாற்றைச் சேர்த்ததும், துணியில் ஊறவைத்து விளக்கில் எரித்துக் கண்மை கூட்டியதும் இந்தக் கறுப்பை நம்பித்தான்.

வெட்டுக்காயப் பூண்டைக் கரிசாலை என்று பறித்து வருகிறவர்கள் உண்டு. அதில் பூக்காம்பு ஒரு சாண் நீளத்துக்குத் தனியாக நிமிர்ந்து நிற்கும், பூவின் நடுவில் மஞ்சள் இருக்கும். கரிசாலைப் பூ இலையை ஒட்டியே உட்கார்ந்திருக்கும்.

சாக்கடையோரம் செழித்து நிற்பதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். களைக்கொல்லி அடித்த வயலும் வேண்டாம். நான் கீரைக்கார அக்காவிடம் இரண்டு நாள் முன்பே சொல்லிவைத்து வாங்குகிறேன்.

அளவு (ஒரு லிட்டர் எண்ணெய்க்கு)

கரிசலாங்கண்ணி 2 கிலோ, செக்கு நல்லெண்ணெய் 1 லிட்டர், பெரிய நெல்லிக்காய் 6, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, மிளகு 10. அவ்வளவுதான்.

செம்பருத்தி, வெந்தயம், கற்றாழை, வெங்காயம் என்று 21 பொருள் போடுகிற வீடியோக்களை நானும் பார்த்திருக்கிறேன். செம்பருத்தி இலையும் வெந்தயமும் கொழகொழவென்று அடியில் படிந்து, மற்றதெல்லாம் பதமாவதற்குள் கருகிவிடும். நான் தேங்காய் எண்ணெயும் எடுப்பதில்லை. மார்கழியில் உறைகிறது.

சாறும் விழுதும்

கீரையைப் பலமுறை அலசி, தண்ணீர் வடிந்ததும் நறுக்கி மிக்சியில் அரைத்துத் துணியில் பிழியுங்கள். கிலோவுக்கு எனக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சாறு வருகிறது. ஜாடி சுற்றுவதற்கு வேண்டிய அளவு மட்டும் தண்ணீர் விடுங்கள். விட்ட தண்ணீரையெல்லாம் பிறகு அடுப்பில் உட்கார்ந்து நீங்களேதான் வற்றவைக்க வேண்டும்! கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு நகக்கண் நாலு நாள் கறுப்பாக இருந்தது, அலுவலகத்தில் எல்லோரும் கேட்டார்கள்.

நெல்லிக்காய், கறிவேப்பிலை, மிளகு மூன்றையும் சாற்றில் கொஞ்சம் விட்டு மைய அரைத்துக்கொள்ளுங்கள். வைத்தியர்கள் இந்த விழுதைக் கல்கம் என்பார்கள். மைய என்றால் நிஜமாகவே மைய. பதம் பார்க்கப் போவது இந்த விழுதை வைத்துத்தான்.

காய்ச்சுதல்

ஐந்தாறு லிட்டர் பிடிக்கும் கனமான இரும்புச் சட்டி அல்லது உருளி. இரும்பு என்றால் நெல்லிக்காய் பட்டு விழுது கன்னங்கரேல் என்றாகும், பயப்பட வேண்டாம். சட்டி பெரிதாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

எண்ணெய், சாறு, விழுது மூன்றையும் குளிர்ந்த நிலையிலேயே சட்டியில் சேர்த்து அடுப்பை மூட்டுங்கள். காய்ந்த எண்ணெயில் சாற்றை ஊற்றவே ஊற்றாதீர்கள், முகத்தில் தெறிக்கும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மரக்கரண்டியால் அடி தொட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. குழந்தைகளைச் சமையலறைப் பக்கம் விடாதீர்கள்.

இனிமேல்தான் நான் இரண்டு முறை கோட்டை விட்ட இடம்.

சட்டியில் தண்ணீர் இருக்கும் வரை எண்ணெய் எவ்வளவு கொதித்தாலும் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அடுப்பு கொடுக்கிற வெப்பமெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே சரியாகப் போய்விடும். அதனால் முதல் ஒன்றரை மணி நேரம் "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று சலிப்பாக இருக்கும். தண்ணீர் தீர்ந்த பிறகு தடுக்க ஆளில்லை, சூடு கிடுகிடுவென்று ஏறும். இரண்டாம் முறை அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் எனக்கு ஃபோன் வந்தது.

மன்னார்குடியில் எங்கள் அப்பாயி ஊருக்கே தைலம் காய்ச்சியவர். அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்துகொண்டு, "சத்தம் அடங்குற நேரத்துல எந்திரிச்சுப் போவக் கூடாதுடி" என்பார். எண்ணெயைப் பார்க்கவே மாட்டார், காதைத்தான் கொடுத்துக்கொண்டிருப்பார். தண்ணீர் நிறைய இருக்கும்போது தளதளவென்று பெரிய கொதி. குறையக் குறைய அது சடசடப்பாக மாறும். பிறகு வெங்காயம் வதங்குகிற மாதிரி மெல்லிய சிணுங்கல். அதுவும் ஓயத் தொடங்கியதும் விழுதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

மெழுகு பதம், கடுகு பதம், மணல் பதம் என்று நாட்டு வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். கரண்டி நுனியில் கொஞ்சம் விழுதை எடுத்து, எண்ணெய் வடிய விட்டு, ஆறியதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். சேறு மாதிரி ஈஷினால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. மெழுகு மாதிரி உருண்டு திரி போலத் திரண்டால் பதம் நெருங்கிவிட்டது. விரலில் நறநறவென்று மணலாக உதிர்ந்தால் அதுதான் கடைசி எல்லை. அதைத் தாண்டினால் என் இரண்டாவது எண்ணெய்தான். நான் திரி திரண்டு, அதில் லேசாக நறநறப்பு தட்டுகிற இடத்தில் இறக்குகிறேன். அடுப்பை அணைத்தாலும் இரும்புச் சட்டியின் சூட்டில் இன்னும் கொஞ்சம் வேகும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பதம் பிடிபடாதவர்களுக்கு இன்னும் இரண்டு வழி. பஞ்சைத் திரியாக்கி அந்த எண்ணெயில் நனைத்து, அடுப்பை விட்டுத் தள்ளி வந்து கொளுத்துங்கள். படபடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. இன்னொன்று, சமையல் தெர்மாமீட்டர். வாங்கிய நாளிலிருந்து நான் அதைத்தான் நம்புகிறேன். 100-ஐ ஒட்டியே நின்றுகொண்டிருந்த முள் 110-ஐத் தாண்டியதும் அணைத்துவிடுவேன். அப்பாயி இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

வடிகட்டல்

அரை மணி நேரம் ஆறவிட்டு வெள்ளைத் துணியில் வடியுங்கள். தானாக வடிவதைத் தனியாக எடுத்து வையுங்கள். முறுக்கிப் பிழிவது வேறு கிண்ணத்தில். அதில் மண்டி இருக்கும், முதலில் அதைத் தீர்த்துவிட வேண்டும். பாட்டில் கண்ணாடியாக, வெயிலில் காய்ந்து பொட்டு ஈரமும் இல்லாமல் இருக்க வேண்டும்.

நிறம் கரும்பச்சையாகத்தான் வரும். விளம்பரத்தில் காட்டுகிற மைக்கறுப்பு வரவில்லையே என்று மீண்டும் அடுப்பில் ஏற்றாதீர்கள்.

தேய்ப்பது

முதல் நாள் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கரிசாலை செவ்வந்தி, பார்த்தீனியம் இவற்றின் குடும்பம். அந்தச் செடிகள் ஒவ்வாதவர்களுக்கு இதுவும் அரிக்கலாம். ஒன்றும் இல்லையென்றால் குளிக்க அரை மணி நேரத்துக்கு முன் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசுங்கள். சளிக்கட்டு உள்ளவர்கள் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ராத்திரி தேய்த்துக்கொண்டு படுத்தால் தலையணை உறை பச்சை.

குடிக்கலாமா என்று கேட்காதீர்கள். கரிசாலையைக் கீரையாகச் சமைத்துச் சாப்பிடுவது வழக்கம்தான், வள்ளலார் அன்றாடம் உணவில் சேர்க்கச் சொன்ன மூலிகைகளில் இதுவும் உண்டு. அது கீரை, இது தைலம். உள்ளுக்குத் தைலம் என்றால் சித்த மருத்துவர் சொல்லித்தான்.

பின்சேர்க்கை 1: பின்னூட்டத்தில் ஒருவர் மூன்று லிட்டர் குக்கரில் காய்ச்சி, நுரை பொங்கி வழிந்து அடுப்பே தீப்பிடிக்கப் பார்த்தது என்று எழுதியிருந்தார். பெரிய சட்டி என்று நான் சொன்னது இதற்காகத்தான். சட்டியில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். பொங்கினால் உடனே அடுப்பை அணையுங்கள், தண்ணீர் மட்டும் தெளிக்காதீர்கள்.

பின்சேர்க்கை 2: "எங்கள் அடுக்குமாடி வாசலில் மஞ்சள் கரிசாலை படர்ந்து கிடக்கிறது, அதைப் போடலாமா?" என்று இரண்டு பேர் படம் அனுப்பினார்கள். இரண்டுமே அழகுக்காக வளர்க்கும் சிங்கப்பூர் டெய்சி. அதன் இலை மூன்று மடலாகப் பிளந்து பளபளவென்று இருக்கும். மஞ்சள் கரிசாலை என்று வேறு ஒரு மூலிகை இருக்கிறது, அதன் இலை பிளவில்லாமல் நீளமாக இருக்கும். எப்படியும் இந்தத் தைலத்துக்கு வெள்ளைதான்.

பின்சேர்க்கை 3: வெளிநாட்டில் இருப்பவர்கள் காய்ந்த பொடியைக் கேட்கிறார்கள். காய்ந்த எண்ணெயில் பொடியை நேராகக் கொட்டினால் ஒரு நிமிடத்தில் கருகும், ஒருவர் கொட்டிப் பார்த்துவிட்டே எழுதினார். 100 கிராம் பொடியை ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் பாதியாக வற்றும் வரை கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். சாற்றுக்குப் பதில் அந்தக் கஷாயம், அரை லிட்டர் எண்ணெய்க்கு. பச்சைச் சாற்றில் வருகிற நிறம் வராது. பதம் பார்ப்பதற்கு நெல்லிக்காய் விழுதை மட்டும் மறக்காமல் போடுங்கள், இல்லையென்றால் விரலில் தேய்க்க ஒன்றும் இருக்காது.