மண் தொட்டிக்குச் சுண்ணாம்பு, சுவருக்குக் காவி

மொட்டை மாடியிலோ பின்முற்றத்திலோ ஆறேழு தொட்டிகள் வைக்க இடமிருந்தால், சுவரையும் தொட்டிகளையும் சேர்த்தே திட்டமிட்டு வண்ணம் பூசுங்கள். பலரும் மண் தொட்டிக்கு எனாமல் பெயின்ட் அடிக்கிறார்கள். அது சுட்ட மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுவதால், உள்ளிருந்து கசியும் ஈரமும் அதில் கரைந்த உப்பும் பூச்சுக்கு அடியில் திரண்டு, நாளடைவில் அதை அப்பளம்போல் உப்பச் செய்து உதிர்த்துவிடுகின்றன. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல இறுகும். அதனால்தான் நான் அதையே பரிந்துரைக்கிறேன்.

பழைய தொட்டியை முதலில் விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் அது உப்பு. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் நீரில் ஊறவிட்டு, வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும்.

நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் நீர் சேர்த்துக் கலக்கி, ஒரு நாள் வைத்திருந்து, துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் அரிக்கும் என்பதால், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது. தொட்டியின் மேல் நீர் தெளித்து, ஈரம் வடிவதற்குள் மட்டையால் மெல்லியதாகப் பூசுங்கள். பூசும்போது வெறும் தண்ணீர் தடவியதுபோல் மங்கலாகத்தான் தெரியும். காயக் காயத்தான் வெண்மை எழும். அவசரப்பட்டுத் தடிப்பாகப் பூசினால் வெடித்துவிடும். மூன்று மெல்லிய பூச்சுகள் போதும். உச்சி வெயிலில் ஒருமுறை பூசி, மறுநாள் முழுவதும் மாவாக உதிர்ந்ததைப் பார்த்தபின், மாலையில் மட்டுமே பூசுகிறேன்.

தொட்டிக்குக் காவி தேவையில்லை. கோடு வர வேண்டிய இடத்தில் காகித நாடாவை ஒட்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசி, பிறகு உரித்தால், மண்ணின் செந்நிறமே கோடாக நிற்கும். சுவருக்குத்தான் காவி. எமல்ஷன் பூசிய சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. அதை முதலில் சுரண்ட வேண்டும். வெள்ளையடித்த சுவரில் தூக்குக்குண்டு கட்டி, நூலடித்து, ஒரு சாண் அகலத்தில் கோயில் மதில்போல் பட்டைகளைப் பிரியுங்கள். காவிப்பொடியைச் சுண்ணாம்பு நீரில் குழைத்தால் நிறம் வெளிறும் என்பதால், வடித்த கஞ்சியில் குழைப்பதே நல்லது. ஆனால் சாரல் அடிக்கும் சுவரில் அது கரைந்துவிடும்.

தொட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு படவே கூடாது. இட்லிப்பூச் செடி சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இலை வெளுத்து நலியும். ஒரு வாரம் கழித்து, அடித்துளையின் மேல் ஓட்டுச் சில்லு வைத்து, செம்மண், மணல், தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள்.

செடிகளை அடுக்கும்போது, சுவரை ஒட்டி உயரமான செம்பருத்தியும், அதன் முன்னே துளசியும் நித்தியகல்யாணியும், விளிம்பில் வழிந்து படரும் பட்டுரோஜாவும் இருக்கட்டும். வெள்ளைச் சுவர் வெயிலைத் திருப்பி வீசும். ஆகவே வெற்றிலைக் கொடியை அங்கே வைக்காமல் நிழலான பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். பட்டைகளுக்கு முன்னால் பூக்கள் எடுபட வேண்டுமானால், சிவப்புச் செம்பருத்தியை வெள்ளைப் பட்டைக்கு நேராகவும், வெள்ளை நித்தியகல்யாணியைக் காவிப் பட்டைக்கு நேராகவும் நிறுத்துங்கள்.