பழைய சவரக்கத்திக்குப் பனை வைரத்தில் புதுப் பிடி

பெரியப்பாவின் தகரப் பெட்டியில், காணி உறுதிகளுக்கு அடியில் ஒரு மடக்குச் சவரக்கத்தி கிடந்தது. பிடி வெடித்திருந்தது, அலகு முழுவதும் கறள். யாழ்ப்பாணத்து உப்புக் காற்றுக்குப் பெட்டி ஒரு தடையா என்ன? அதற்கு நான் இரண்டு தடவை பிடி செய்தேன். முதலாவது ஏன் வீணானது என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

கத்தி தேறுமா?

சிறிது பஞ்சை எடுத்து, வெட்டும் ஓரமான வாய்ப்பக்கம் முழுவதும் மெதுவாக இழுங்கள். நூல் சிக்கும் இடத்தில் பொளிவு இருக்கிறது. சிறிய பொளிவு என்றால் சாணைக்கல்லில் போய்விடும். வாயிலிருந்து முதுகை நோக்கி வெடிப்பு ஓடியிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அந்தக் கத்தி முகத்துக்கு உதவாது.

அலகின் அடியில் பிடியோடு சேரும் காம்பில் ஊர்ப் பெயர் பொறித்திருக்கும். என்னுடையதில் ஷெஃபீல்ட், அதன் கீழ் இங்கிலாந்து. இறக்குமதிப் பொருட்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1891 முதல் அமெரிக்கா கேட்டதால், நாட்டுப் பெயரோடு வருபவை பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. இந்த எழுத்தின் மேல் மட்டும் அரத்தாளைக் கொண்டுபோகாதீர்கள்.

பழைய பிடியைக் கழற்றுதல்

முதலில் வாய்ப்பக்கத்தை டேப்பால் மூன்று நான்கு சுற்றுச் சுற்றுங்கள். பிடியை அலகோடு பிணைக்கும் தறையாணியின் தலையைச் சிறிய அரத்தால் ராவி, தலை தட்டிய மெல்லிய ஆணியை வைத்துத் தட்டினால் மறுபக்கம் வெளியே வரும். பழைய பிடி உடைந்திருந்தாலும் எறிவதற்கு முன் அதன் உருவத்தை மட்டையில் வரைந்து, துளைகளின் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிடியில் கற்பூர வாசம் அடித்தால் அது செலுலாய்ட், எளிதில் தீப்பற்றும். நாட்பட்டால் அதிலிருந்து வரும் ஆவியே அலகை அரித்துவிடும்.

கறள் எடுத்தல்

ஒரு நாள் மண்ணெண்ணெயில் ஊறவிடுங்கள். பிறகு அலகைப் பலகையில் படுக்க வைத்து, நனைத்த அரத்தாளைத் தக்கைத் துண்டில் சுற்றி கரடானதிலிருந்து மென்மையானதுக்கு 400, 600, 1000, 2000 என்ற இலக்க வரிசையில் தேயுங்கள். கை எப்போதும் முதுகிலிருந்து வாயை நோக்கியே போக வேண்டும். மின்சாரச் சாணை வேண்டவே வேண்டாம். அலகு சூடேறி நீலம் பாரித்தால் உருக்கின் பதம் போய்விட்டது. அதன் பிறகு கூர் நிற்காது. அலகின் நடுவில் சில கரும்புள்ளிகள் மிஞ்சினால் விட்டுவிடுங்கள். கண்ணாடி போல மினுக்கிய பழைய கத்தி எனக்குப் பொய்ப்பல் கட்டிய கிழவரைப் போலத் தெரிகிறது.

பனை வைரம்

பழைய கூரை பிரித்த வீட்டில் கழித்துப் போட்ட பனஞ்சிலாகை ஒன்றே போதும். பனைக்கு ஆண்டு வளையம் கிடையாது. வெளிறிய மென்சோற்றுக்குள் கரிய நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. மரத்தின் வெளிப்புறத்தில்தான் அவை நெருக்கமாக இருக்கும், அதுதான் வைரம். அந்தப் பகுதியில் நாரின் போக்கிலேயே 3 மில்லிமீட்டர் தடிப்பில் இரண்டு தட்டுகள் அறுத்துக்கொள்ளுங்கள்.

தேய்க்கும்போது மென்சோறு முதலில் கரையும். நார் வரம்பு வரம்பாக எழுந்து நிற்கும். விரலால் தேய்த்தால் இது இன்னும் மோசமாகும். அரத்தாளின் பின்னால் கட்டாயம் ஒரு கட்டை இருக்கட்டும். நீர்ப்பதமான சுப்பர் குளூவை மெல்லப் பூசி, காய்ந்ததும் தேய்த்து, மறுபடி பூசுங்கள். மூன்றாம் தடவையில் பள்ளங்கள் நிரம்பி, கறுப்புக் கோடுகள் ஈரத்தில் நனைந்தவை போல் மேலே வந்தன. முகக்கவசம் போடுங்கள். பனஞ்சிராய் விரலில் ஏறினால் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இரண்டு தட்டுகளையும் இருபக்கம் ஒட்டும் டேப்பால் ஒன்றாக ஒட்டி, ஒரே தடவையில் 1.6 மில்லிமீட்டர் துளை போடுங்கள். நார் துளையூசியை இழுத்துக்கொண்டு போகும் என்பதால் முதலில் ஊசியால் குழி குத்துங்கள். துளைக்கும் நுனிக்கும் இடையில் குறைந்தது 6 மில்லிமீட்டர் விடுங்கள். நான் 3 விட்டேன். கடைசிச் சுத்தியல் அடியில் தட்டு நார்வழியே பிளந்துபோனது. ஒரு வாரத்து வேலை!

ஆப்பும் தறையாணியும்

காம்புக்கு எதிர்முனையில் இரு தட்டுகளுக்கும் நடுவே சிறிய ஆப்பு வரும். அது காம்பின் தடிப்பை விடச் சற்று மெல்லியதாக இருந்தால்தான் தட்டுகள் அலகைப் பிடித்து நிற்கும். பித்தளைக் கம்பி கஸ்தூரியார் வீதிப் பக்கம் நகைவேலை செய்யும் பத்தர் ஒருவரிடம் கிடைத்தது. காசு வாங்க மறுத்துவிட்டார். கம்பியை அடிக்கும் முன் செருகி மட்டும் பார்த்து, கத்தியைப் பத்துத் தடவை மடக்குங்கள். வாய் எந்தத் தட்டிலும் உரசாமல் நடுவில் இறங்க வேண்டும். உரசினால் ஆப்பின் ஒரு பக்கத்தை ராவிச் சரிசெய்யலாம். தறைந்த பிறகு வழியில்லை.

இருபுறமும் சிறிய பித்தளை வளையம் போட்டு, 1 மில்லிமீட்டர் கம்பி வெளியே நிற்கும்படி வெட்டுங்கள். இரும்புக் கட்டையில் வைத்து, மிகச் சிறிய சுத்தியலால் கம்பியின் ஓரங்களைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஓங்கி அடிக்காதீர்கள், நூறு சிறிய தட்டு வேண்டும்.

கூர்

முதுகும் வாயும் இரண்டுமே கல்லில் படிய வேண்டும். கோணத்தை முதுகே தீர்மானிக்கும். 1000, 4000, 8000 கற்களில் வாய் முன்னே போகும்படி தீட்டுங்கள். தோல் வாரில் இதற்கு நேரெதிர், முதுகு முன்னே. சமையலறைக் கல் இதற்கு ஆகாது.

பாவிக்கும் முன் சவர்க்காரத்தால் கழுவி, ஸ்பிரிட்டால் துடையுங்கள். முன்பு யார் முகத்தில் பட்டதோ தெரியாது. முதல் நாள் கன்னம் மட்டும், கழுத்து பிறகு. வழித்தவுடன் உலரத் துடைத்து, ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் தடவி வையுங்கள். மாரி காலத்தில் குளியலறையில் வைக்காதீர்கள். என்னுடையது இப்போது அலுமாரியின் மேல்தட்டில், அரிசி முடிந்த துணியோடு இருக்கிறது.