தெம்பு தரும் நாவல்களைப் படிக்கத் தொடங்குவது எப்படி? மர்மம், சரித்திரம், காதல்: இந்த வரிசையில்

மனத்துக்குத் தெம்பு தரும் நாவல் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால், பெரும்பாலும் 'பொன்னியின் செல்வன்' என்றுதான் பதில் வரும். ஐந்து பாகங்கள். புத்தகக் காட்சியில் ஆசையாக வாங்கி, வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகையை விட்டுக் கிளம்புவதற்குள் அலமாரியில் ஏற்றிவிட்டவர்கள் நம் ஊரில் ஏராளம். நாவலின் மீது குற்றமில்லை. நீந்தத் தெரியாதவரை மெரினா அலையில் இறக்கிவிட்ட யோசனைதான் தவறு.

வாசிப்புப் பழக்கம் விட்டுப்போனவர்களுக்கும், இப்போதுதான் தொடங்குபவர்களுக்கும் ஒரு வழியை இங்கே சொல்கிறேன். மூன்று வகைகளிலிருந்தும் ஒவ்வொரு நாவல். மூன்றுக்கும் ஒரே கேள்வி.

முதல் படி: எதைத் தேடுகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

அமெரிக்கப் பதிப்பாளர்கள் 'இன்ஸ்பிரேஷனல் ஃபிக்ஷன்' என்று தனி வகையே வைத்திருக்கிறார்கள். அங்கே அது பெரும்பாலும் கிறிஸ்தவ நம்பிக்கை ஊடாடும் கதை. ஹார்லிக்வின் நிறுவனம் 1997-இல் தொடங்கிய 'லவ் இன்ஸ்பயர்டு' வரிசை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்தக் காதல் கதைகள் முத்தத்தைத் தாண்டாது, கெட்ட வார்த்தை வராது, கடவுள் நம்பிக்கை கதையை நகர்த்தும். பின்னாளில் அதே பெயரில் மர்மக் கதை வரிசையும் வந்தது.

தமிழில் அப்படித் தனி அலமாரி கிடையாது. ஆனால் நாவல் என்ற வடிவமே இங்கே அந்த எண்ணத்தோடுதான் வந்து இறங்கியது. 1879-இல் வெளியான முதல் நாவல் 'பிரதாப முதலியார் சரித்திரம்', நீதி போதிக்கவே எழுதப்பட்டது. 1893-இல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராகத் தொடங்கிய 'கமலாம்பாள் சரித்திரம்' ஊர்வம்பு, குடும்பச் சண்டை, காணாமற்போன குழந்தை என்று போய் ஞானத் தேடலில் முடிகிறது. அதை எழுதிய ராஜமையர் இருபத்தாறு வயதில் மறைந்தவர். 1896-இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'பிரபுத்த பாரதா' இதழின் முதல் ஆசிரியரும் அவர்தான்.

ஆகவே பக்தி இருக்கிறதா, நீதி இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பாதித் தமிழ் நாவல்கள் உள்ளே வந்துவிடும். என் அளவுகோல் வேறு. கதையில் ஒருவர் சரியானதைச் செய்யத் தீர்மானிக்கும் இடத்தில் அவர் எதை இழக்கிறார்? எதையும் இழக்கவில்லை என்றால் அந்த நாவலில் இருப்பது உபதேசம். எதையோ கொடுத்துவிட்டுத்தான் நிமிர்கிறார் என்றால், நமக்குத் தெம்பு வருவது அங்கிருந்துதான். இந்த ஒரு கேள்வியைப் புத்தக அடையாளச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 'எதை இழந்தார்?'

இரண்டாம் படி: புத்தகத்தைப் பிடியுங்கள்

முதல் மூன்று புத்தகங்களுக்குக் காசு செலவழிக்காதீர்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896-இலிருந்து இருக்கிறது. உறுப்பினராகிவிட்டால் வீட்டுக்கு எடுத்து வரலாம். அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலகம் இருக்கிறது. வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் தாங்கவில்லை என்றால், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. கல்கி, நா. பார்த்தசாரதி ஆகியோரின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் 'மதுரைத் திட்டம்' இணையதளத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன.

வாங்கித்தான் படிப்பேன் என்பவர்களுக்குத் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகள் போதும். அங்கே ஒன்றைத் தேடிப் பாருங்கள்: வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து யாரோ வீட்டில் பைண்டு செய்த தொகுப்பு. ஓவியம், பக்கத்து விளம்பரம், அரைப் பக்கத் துணுக்கு எல்லாம் அப்படியே இருக்கும். அந்தக் காலத்து வாசகர் கதையை எப்படி வாரம் ஒரு வாயாகச் சாப்பிட்டார் என்பது புரியும். விலை கேட்கும்போது மட்டும் முகத்தில் ஆசையைக் காட்டாதீர்கள்.

வாடகை நூலகப் பிரதிகளில் ஓர் ஆபத்து. முன்பு படித்த புண்ணியவான் முதல் பக்கத்திலேயே கொலையாளியின் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருப்பார். மர்ம நாவல் என்றால் முதல் பக்கத்தைப் பார்க்காமல் புரட்டுங்கள்.

மூன்றாம் படி: மர்மத்தில் தொடங்குங்கள்

பலரும் காதல் கதைதான் எளிது என்று அதில் தொடங்குகிறார்கள். நான் மர்மத்தைச் சொல்வேன். விட்டுப்போன வாசிப்புக்குத் தேவை பக்கம் புரட்டும் வேகம். அதை மர்மக் கதை கைபிடித்துத் தரும். பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் மாத நாவல் ஒன்றை ஓர் இரவில் முடித்துவிடலாம். ராஜேஷ்குமாரோ பட்டுக்கோட்டை பிரபாகரோ, கைக்குக் கிடைத்ததில் வேகம் பழகுங்கள். பிறகு நம்பிக்கையும் அச்சமும் மோதும் கதைக்கு வாருங்கள். இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா' அதற்குப் பொருத்தம். 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' என்ற பெயரில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்த கதை. ஊரில் விழும் மரணங்களுக்குக் கருப்பசாமியே காரணம் என்று ஊர் நம்புகிறது, நம்பாதவர்களும் இருக்கிறார்கள்.

படிக்கும்போது 'யார் செய்தது?' என்ற கேள்வி தானாகவே ஓடிக்கொண்டிருக்கும், அதை ஓடவிடுங்கள். கூடவே நம் கேள்வியையும் கேளுங்கள். பயம் நிறைந்த ஊரில் யாருக்கு உண்மை தெரிந்தும் வாய் திறக்கவில்லை? யார் திறக்கிறார்? திறந்ததால் அவருக்கு என்ன நேர்கிறது? மர்மக் கதையில் தைரியம் துப்பறிபவரிடம் இருப்பதைவிடச் சாட்சி சொல்பவரிடம்தான் அதிகம். துப்பறிபவர் எப்படியும் பிழைப்பார் என்று நமக்குத் தெரியும். சாட்சிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

நான்காம் படி: சரித்திரத்துக்குள் போங்கள்

இங்கே சற்று நேரம் செலவழிக்க வேண்டும். தொடக்க வாசகருக்கு என் தேர்வு கல்கியின் 'பார்த்திபன் கனவு'. 'பொன்னியின் செல்வ'னில் ஒரு சிறு பங்கு அளவுதான். அதற்குள் சரித்திரம், காதல், மர்மம் மூன்றும் இருக்கின்றன. உறையூரைச் சின்ன நாடாக ஆளும் பார்த்திப சோழன் பல்லவருக்குக் கப்பம் கட்ட மறுக்கிறான். தோற்பது உறுதி என்று தெரிந்தே போருக்குப் போகிறான். அவன் மகன் விக்கிரமனும் பல்லவச் சக்கரவர்த்தியின் மகள் குந்தவியும் மனத்தால் சேர்கிறார்கள். இடையிடையே ஒரு சிவனடியார் வந்து போகிறார். அவர் யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் பாதியிலேயே ஊகித்துவிட்டாலும் கவலைப்படாதீர்கள். தெரிந்த பிறகுதான் அவர் சுமக்கும் பாரம் என்னவென்று புரிகிறது. 'எதை இழந்தார்?' என்ற கேள்வியைத் தோற்றவனிடம் கேட்பது சுலபம். வென்றவனிடமும் கேட்க வைக்கிறது இந்த நாவல். அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

எழுதப்பட்ட காலத்தையும் மனத்தில் வையுங்கள். 1941-இல் தொடங்கிய 'கல்கி' இதழில் வந்த தொடர் இது. 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் 1942-இல். சுதந்திரச் சோழ நாட்டைக் கனவு கண்டு சித்திரமாகத் தீட்டி வைக்கும் ஓர் அரசனின் கதையை அந்த ஆண்டுகளில் இதழுக்கு இதழ் படித்தவர்கள் சோழ நாட்டை மட்டுமா நினைத்திருப்பார்கள்?

எது வரலாறு, எது கற்பனை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை இதிலேயே தொடங்குங்கள். கதையில் வரும் பல்லவச் சக்கரவர்த்தி மாமல்லன் நரசிம்மவர்மன் ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்தவன், வாதாபியை வென்றவன். பார்த்திபனும் விக்கிரமனும் கல்கியின் கற்பனை. நாவலை முடித்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறி மாமல்லபுரம் போய் வருவது சென்னைக்காரர்களுக்கு மட்டும் வாய்த்த சௌகரியம். ஒரு எச்சரிக்கை: கடற்கரைக் கோயில் முன் நின்று 'இங்கேதான் மாமல்லன் நின்றிருப்பான்' என்று குழந்தைகளிடம் சொல்லிவிடாதீர்கள். அந்தக் கோயில் அவனுக்குப் பின் வந்த ராஜசிம்மன் காலத்தது.

தொடர்கதையைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. அத்தியாயத்தின் கடைசி வரி அடுத்த வாரம் இதழை வாங்க வைப்பதற்காகப் போட்ட முடிச்சு: கதவு திறக்கும், உருவம் தெரியும், 'தொடரும்'. அங்கே நிறுத்தினால் முடிச்சு மட்டும்தான் மனத்தில் நிற்கும். அத்தியாயத்தின் நடுவில், இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கடற்கரையில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் போகிறவர், மாம்பலம் கூட்டம் ஏறுவதற்குள் புத்தகத்தை மூடிவிட்டால், மீதி வழியெல்லாம் அந்தப் பாத்திரங்களின் பேச்சு உள்ளே ஓடும். முந்தைய வாரக் கதையை நினைவூட்டும் பத்திகளைத் தாராளமாகத் தாண்டலாம். வர்ணனைகளையும் முதல் வாசிப்பில் தாண்டினால் குற்றமில்லை. கல்கி கோபித்துக்கொள்ள மாட்டார். அவரே அவ்வப்போது வாசகரோடு பேசிச் சிரித்தபடிதான் எழுதுகிறார்.

ஆங்கிலத்தில் இதே வகையில் ஒன்று வேண்டும் என்றால் 1880-இல் வந்த 'பென்-ஹர்'. பழிவாங்கும் வெறியும் இறைநம்பிக்கையும் ஒரே மனிதனுக்குள் மோதும் கதை. மொழி பழையது, அவசரமில்லாத நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: காதல் கதையைக் கடைசியில் எடுங்கள்

காதல் கதை எளிது என்று நினைப்பவர்கள் அதன் முடிவை மட்டும் படிக்கிறார்கள். போர் இல்லை, பிணம் இல்லை. தீர்மானங்கள் எல்லாம் மனத்துக்குள் நடக்கின்றன. அவற்றைக் கவனிக்க முதல் இரண்டு நாவல்களின் பயிற்சி வேண்டும்.

நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பேராசிரியரான தந்தை இறந்த பிறகு தம்பி தங்கையரைக் காக்கும் பூரணி, அச்சகத்தில் வேலை பார்க்கும் இலட்சியவாதி அரவிந்தன். தொடராக வந்த காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பெயர்களையும் வைத்த வீடுகள் பல. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: இதில் பிரசங்கம் அதிகம். பாத்திரங்கள் பேசத் தொடங்கினால் மேடை போட்டது போல ஆகிவிடும். மேற்கோள் காட்டத் தகுந்த வரிகள் கொட்டிக் கிடக்கும். அவற்றை அடிக்கோடிட்டு வாட்ஸ்அப் நிலையில் வைக்கக் கை துறுதுறுக்கும். விட்டுவிடுங்கள். பூரணி என்ன பேசுகிறாள் என்பதைத் தாண்டி, கையில் காசில்லாத நாளில் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். நாவல் உயிரோடு இருப்பது அந்தப் பக்கங்களில். முடிவு இனிப்பாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மாத நாவல்களாக வரும் குடும்பக் காதல் கதைகளுக்கும் இதே கேள்வியைக் கொண்டுபோங்கள். ஒரு சின்னத் திருத்தத்தோடு. எதை இழந்தார் என்று கதாநாயகியிடம் மட்டுமின்றிக் கதாநாயகனிடமும் கேளுங்கள். அவள் வேலையை விட்டாள், சொந்த ஊரை விட்டாள், சுயமரியாதையில் பாதியை விட்டாள். அவனோ கடைசி அத்தியாயத்தில் ஒருமுறை மன்னிப்புக் கேட்டான், அவ்வளவுதான் என்றால், பொறுமையின் பெருமை என்ற பெயரில் நமக்கு எதையோ விற்கிறார்கள். அப்படிப்பட்ட புத்தகத்தைப் படிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. பொழுது போகும். தெம்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஆறாம் படி: மூன்று குறிப்புகளையும் பக்கத்தில் வையுங்கள்

ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு நோட்டுப் பக்கம் போதும். கதைச்சுருக்கம் எழுத வேண்டாம். 'இன்னார், இந்த இடத்தில், இதை விட்டார்' என்று இரண்டு மூன்று வரி. மூன்றும் முடிந்ததும் அருகருகே வைத்துப் படியுங்கள். மர்மத்தில் உயிர்ப் பயமும், சரித்திரத்தில் நாடும் மானமும், காதலில் சொந்த விருப்பமும் பணயமாக வந்திருக்கும். இவற்றில் எந்த இழப்பைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தீர்களோ, உங்கள் அடுத்த புத்தகம் அந்த வகையில்தான். சரித்திரம் என்றால் 'சிவகாமியின் சபதம்'. மாமல்லனை இளைஞனாகப் பார்க்கலாம். காதல் என்றால் மு.வ., பிறகு லட்சுமி. மர்மம் என்றால் சுஜாதாவின் கணேஷ், வசந்த். அங்கே பக்தி இருக்காது, ஆனால் நம் கேள்வி அங்கேயும் செல்லும்.

ஐம்பது பக்கம் தாண்டியும் பிடிக்காத புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடமைக்காக முடிக்கும் நாவல் அடுத்த நாவலையும் சேர்த்துக் கெடுக்கும்.

இந்தச் சுற்று முடியும்போது பொங்கல் நெருங்கினால் நல்லது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடல் புத்தகக் காட்சியில் வழக்கமாகப் பத்து சதவீதத் தள்ளுபடி உண்டு. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் அப்போது வாங்கலாம். மலிவுப் பதிப்புகளில் எழுத்து பொடியாக இருக்கும். அட்டைப்படத்தில் மயங்காமல் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, கை நீட்டிய தூரத்தில் வைத்துப் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.