அல்சூர் ஏரியில் ஆக்சிஜன் பார்க்கும் முறை

பெங்களூர் அல்சூர் ஏரித் தண்ணீரை விடியற்காலையில் சோதியுங்கள். பகலில் பாசி ஒளிச்சேர்க்கையால் கரைந்த ஆக்சிஜனை ஏற்றிவிடும்; மதிய அளவை நம்பாதீர்கள். இரவெல்லாம் அதே பாசியும், கழிவைத் தின்னும் பாக்டீரியாவும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். 2016 மார்ச்சில் இங்கே மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்ததை மறக்கக் கூடாது.

கையுறை கட்டாயம். 300 மி.லி. கண்ணாடி பாட்டிலை அமிழ்த்தி நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூடுங்கள். காற்றுக்குமிழி சிக்கினால் அளவு கூடிவிடும். கரையிலேயே மாங்கனீசு சல்பேட் 2 மி.லி., கார அயோடைடு 2 மி.லி. விட்டு, மூடிக் கவிழ்த்துக் கலக்குங்கள். படிவு வெள்ளையாக இருந்தால் ஆக்சிஜன் இல்லை. பழுப்பானால் இருக்கிறது, எவ்வளவு என்று டைட்ரேஷன் (செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது) சொல்லும்.

குளிக்கும் நீருக்கு லிட்டருக்கு 5 மி.கி. ஆக்சிஜன் வேண்டும். அது இருந்தாலும் படகிலிருந்து கையை நனைக்காதீர்கள். சாக்கடைக் கிருமியை இந்தச் சோதனை காட்டாது, அதற்குக் கோலிஃபார்ம் (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) சோதனை தனியே வேண்டும்.