உறங்கும் எரிமலையை அவிந்தது என்று எழுதாதீர்கள்

சாதாரண தரப் பிள்ளைகளின் புவியியல் விடைகளைத் திருத்த உட்கார்ந்தால், எரிமலைக் கேள்வியில் ஒரு வரி தவறாமல் வரும்: "நீண்டகாலம் வெடிக்காதது அவிந்த எரிமலை." நன்றாகப் படிக்கிற பிள்ளையும் இதை எழுதுகிறது. அதுதான் எனக்குக் கவலை.

நீண்டகாலம் என்றால் எவ்வளவு? மூன்று தலைமுறை நமக்கு நெடுங்காலம். எரிமலைக்கு அது கண்ணயர்கிற நேரம். பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ ஏறத்தாழ 500 ஆண்டுகள் சத்தமின்றிக் கிடந்தது. சரிவெல்லாம் காடு, காட்டுக்குள்ளே குடியிருப்புகள். 1991 யூனில் அது வெடித்தது, கடந்த நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்றாக. நமக்குக் கிட்டவும் ஓர் உதாரணம் இருக்கிறது. அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அடங்கியிருந்துவிட்டு, அதே 1991இல் மறுபடி கக்கத் தொடங்கியது.

ஆகவே ஆண்டுக் கணக்கை மட்டும் எழுதாமல் காரணத்தை எழுதுங்கள். இப்போது வெடிப்பதும், நிலநடுக்கம், வாயு, தரை வீங்குதல் என்று அடையாளம் காட்டுவதும் உயிர்ப்புள்ள எரிமலை. இன்று அமைதியாக இருந்தாலும் மீண்டும் வெடிக்கக்கூடியது உறங்கும் எரிமலை. அடியிலிருந்து மக்மா என்ற உருகிய பாறைக் குழம்பு வரும் வழியே அற்றுப்போய், இனி வெடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாதது அவிந்த எரிமலை. கடந்த 10,000 ஆண்டுகளுக்குள் வெடித்திருந்தால் உயிர்ப்புள்ளது என்று கொள்வோரும் உண்டு. எல்லா ஆய்வாளரும் ஒரே இடத்தில் கோடு கீறவில்லை.

வழி எப்படி அற்றுப்போகிறது என்பதை ஹவாய்த் தீவுகளில் தெளிவாகக் காணலாம். அங்கே ஆழத்திலிருந்து மக்மாவைத் தரும் சூடான இடம், அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், இருந்த இடத்திலேயே இருக்கிறது. மேலேயுள்ள பசுபிக் தட்டு, அதாவது புவியோட்டின் பெருந்துண்டுதான் வடமேற்கே நகர்கிறது. அடுப்பை விட்டு விலகிப்போன கவாய் தீவு, வயது சுமார் 50 இலட்சம் ஆண்டு, அவிந்துவிட்டது. இப்போது அடுப்பின்மேல் இருப்பது ஹவாயின் 'பெரிய தீவு'. அங்கே கிலாவேயா எரிமலை இன்னும் உயிர்ப்போடு இருக்கிறது.

உருவத்தையும் உயிர்ப்பையும் குழப்பவும் கூடாது. அதே தீவிலுள்ள மௌனா லோவா உருவத்தால் கேடய எரிமலை, அதாவது கவிழ்த்த கேடயம்போல் அகன்று சாய்வு குறைந்தது. 1984க்குப் பிறகு 2022இல் வெடித்தது, ஆகவே உயிர்ப்பால் உயிர்ப்புள்ள எரிமலை. கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

இன்னொன்று, கடல் நடுவே நிற்பதெல்லாம் எரிமலைத் தீவு அல்ல. 1963 நவம்பரில் ஐஸ்லாந்துக்குத் தெற்கே கடலுக்குள்ளிருந்து எழுந்த சர்ட்சி எரிமலைத் தீவு. யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு அப்படியல்ல. அங்கே முருகைக்கல் அடுக்கிய மதில்களைப் பார்த்திருப்பீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணறு வெட்டிய இடத்தில் கொட்டிக் கிடக்கும் கல்லொன்றை உடைத்துப் பாருங்கள். வெளிறிய சுண்ணாம்புக்கல், அதில் சிப்பியின் வரிகூட அச்சாகப் பதிந்திருக்கலாம். லாவா உறைந்த கல்லோ பெரும்பாலும் கறுத்து, வாயு வெளியேறிய துளைகளோடு இருக்கும். மாலைதீவு இந்த இரு வகைக்கும் நடுவில்: கண்ணுக்குத் தெரிவது முருகை, ஆழத்தில் அமிழ்ந்திருப்பது பழைய எரிமலைப் பாறை.

கீரிமலையின் பெயரில் மலை இருப்பதால் சில பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். அது சுண்ணாம்புக்கல் வழியே வரும் நன்னீர்க் கேணி. திருகோணமலைக் கன்னியாவில் நீர் சுடுவதற்கும் எரிமலை காரணமில்லை. பாறைப் பிளவுகளூடாக ஆழம்வரை இறங்கிய நீர், பூமியின் உட்சூட்டில் காய்ந்து மேலே வருகிறது. விடையில் "வெந்நீரூற்று" என்று மட்டும் எழுதுங்கள்.